ஹட்டனில் ஒரு பாமசியும் எங்கள் இரண்டாம் லைனும்

ஹட்டனில் இருக்கிற இந்த மருந்துக்கடைக்கு நான் போய்வரத் தொடங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. மாதம் ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம். ஒருநாள் போய்விட்டு வந்து அவசரத்தில் எழுதுகிற கதை இல்லை. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது, கவுண்டரில் நிற்கிற பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு என்னால் ஒரு வில்லங்கம் வரக்கூடாது. ஹட்டன் டவுனுக்குள்தான் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து மூச்சு வாங்காமல் நடக்கலாம். அது போதும்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் நான் எதைப் பார்த்து மார்க் போடுகிறேன் என்பது விளங்கும். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில், லைன் காம்பராவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கொழும்புப் பக்கம் போய் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங்கில் சேர்ந்தேன். அங்கேயும் லைன்தான். முதலாம் லைன், இரண்டாம் லைன், மூன்றாம் லைன். இருபத்திரண்டு வருஷத்தில் பதினாறு வருஷம் இரண்டாம் லைனில் நின்றேன். லைனில் பிறந்து லைனிலேயே நரைத்தவள் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். கடைசி எட்டு வருஷம் சங்கத்தின் கிளைக் கமிட்டியிலும் இருந்தேன். அம்மாவைத் தனியே விட முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சீனி வியாதியும் பிரஷரும். அரசாங்க கிளினிக்கில் மருந்து சும்மா கிடைக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில மாதம் மூன்றில் ஒன்று இருக்காது. அப்போது ஒரு துண்டில் எழுதித் தருவார்கள், வெளியில் எடுங்கள் என்று. அந்தத் துண்டுதான் என்னை ஹட்டனுக்கு இழுத்து வந்தது.

முதலில் நான் பார்த்தது குளிசை கார்டை, அதாவது மாத்திரைகளை வரிசையாக அடைத்து வருகிற தாளை. அட்டை என்று எழுதலாம்தான், ஆனால் மலைநாட்டில் அட்டை என்றால் மழைக்காலத்தில் காலில் ஏறுகிற சாமான். கடையில் சொல்கிறபடி கார்ட் என்றே எழுதுகிறேன்.

ஒரு கார்ட் எப்படி உருவாகிறது என்பதைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய ரோலில் பிளாஸ்டிக் தாள் வரும். மெஷின் அதைச் சூடாக்கிக் குழி குழியாக அமத்தும். மேலேயிருந்து குளிசை கொட்டும், குழிக்கு ஒன்றாக உட்காரும். எங்கேயாவது ஒரு குழி காலியாக இருந்தால், உடைந்த குளிசை விழுந்திருந்தால், அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. பிறகு மேலே அலுமினியத் தாள் வந்து சூட்டில் ஒட்டும். ஓரத்தில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் குத்தப்படும். வெட்டுப்பட்டு விழும்.

அதோடு முடியாது. குறித்த நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கார்டை எடுத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் நீலச் சாயம் கலந்த தண்ணீருக்குள் அமுக்கி, மூடி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் காற்றைத் திரும்ப விட்டு, கார்டை எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு குழியாகப் பிரித்துப் பார்ப்போம். ஒரு குழிக்குள் ஒரு பொட்டு நீலம் இறங்கியிருந்தாலும் லைன் நிற்கும். கடைசியாக நல்லதென்று பார்த்த நேரத்திலிருந்து அதுவரை வந்த எல்லாப் பெட்டியும் ஒதுக்கி வைக்கப்படும். கையுறை போட்டாலும் எப்படியோ விரல் நுனியில் நீலம் ஏறிவிடும். லீவில் வீட்டுக்கு வந்தால் அம்மா என் விரலைப் பிடித்துப் பார்ப்பார். அவருடைய விரல் கொழுந்துக் கறையில் கறுத்திருக்கும், என்னுடையது நீலம். சோற்றில் கை வைக்க முன் இரண்டு பேரும் எலுமிச்சந்தோல் தேய்ப்போம்.

அதனால் எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் கார்டைத் திருப்பி, ஓரத்தில் பெருவிரலை ஓட்டி, இலேசாக வளைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஹட்டனில் வேறு இரண்டு இடத்தில் இதற்கே முகம் சுளித்தார்கள். "என்ன அக்கா, டூப்ளிகேட்டுன்னு நெனைச்சீங்களா?" என்றார் ஒருவர். இந்தக் கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டர்ப் பிள்ளை வெளிச்சத்துக்குப் பிடிக்க லைட்டைக்கூடப் போட்டுவிட்டாள்.

அப்புறம் அவள் கேட்டாள்: "இது வெளிநாட்டு பிராண்ட் அக்கா. இதே மருந்து லோக்கல்ல இருக்கு, வெலை கொறைவு. குடுக்கவா, இல்ல எழுதினதேதான் வேணுமா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் இந்தக் கடையை மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டொக்டர் துண்டில் பிராண்ட் பெயரை எழுதியிருந்தால் பல கடையில் அதை எடுத்து நீட்டிவிட்டுப் பில்லைக் கையில் கொடுப்பார்கள். இங்கே பின்னால் உட்கார்ந்திருக்கிற பாமசிஸ்ட் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றித் தருகிறார்கள், சும்மா கவுண்டரில் நிற்பவர் நினைத்தபடி இல்லை. மிஸ் சிங்களம், தமிழ் நன்றாக விளங்கும், பேசும்போது வாங்கோ போங்கோ கலந்து வரும். அன்று மூன்று வகை மருந்துக்கும் இரண்டு விதமாக விலை போட்டுக் காட்டினார்கள். இரண்டு பில்லுக்கும் இடையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வித்தியாசம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதாவது ஒரு நாள் வேலைக்குப் பேர் போட்டு, மலையேறி, கொழுந்து நிறுத்துப் போட்டால் அந்தக் கணக்கில் கிடைத்த காசு கிட்டத்தட்ட முழுவதும் அந்த வித்தியாசத்தில் போயிருக்கும்.

மருந்தை அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேள், பிராண்டைச் சொல்லிக் கேட்காதே என்பது இந்த நாட்டுக்குப் புதிய கதையும் இல்லை. பேராதனையில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே அதைத்தான் தலையால் அடித்துச் சொன்னார். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் வந்ததும் அவருடைய முயற்சியில்தான். 1987இல் இரத்மலானையில் அரசாங்கமே குளிசை செய்யும் தொழிற்சாலையும் வந்தது. அவ்வளவு இருந்தும் இன்றைக்கும் நாம் பாவிக்கிற மருந்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 வெளியிலிருந்துதான் வருகிறது. மிச்சத்தைச் செய்கிற இடங்களில் ஒன்றில்தான் நான் நின்றேன்.

பிள்ளை எடுத்து வைத்த லோக்கல் கார்டைத் திருப்பினேன். எங்கள் கம்பனி. பேட்ச் நம்பரின் முதல் எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரண்டாம் லைன். மெட்ஃபோர்மின். அந்தக் குளிசைக்கு ஒரு மீன் வாடை உண்டு, பழகாதவர்களுக்குக் குமட்டும். எனக்கு வீட்டு வாசல் மணத்தது.

இனிக் கொஞ்சம் கடையை விட்டு வெளியே போகிறேன், திரும்பி வருவேன்.

2022 ஞாபகம் இருக்கும்தானே. சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தார்கள். லோக்கல் மருந்து என்றால் நாட்டுக்குள்ளேயே எல்லாம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். குளிசை செய்வது இங்கே, குளிசைக்குள் இருக்கிற மூலப்பொருள் இந்தியாவிலும் சீனாவிலும் இருந்து வருகிறது. டொலர் இல்லாவிட்டால் வங்கியில் எல்.சி., அதாவது இறக்குமதிக்கான கடன் கடிதம், திறக்க முடியாது. எல்.சி. இல்லாவிட்டால் பீப்பாய் கப்பலில் ஏறாது. எங்கள் ஸ்டோரில் பீப்பாய்கள் குறையக் குறைய மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றானது.

ஒருநாள் கமிட்டியை போர்ட் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் அந்த அறைக்குள் நான் மூன்று தடவை போயிருக்கிறேன், மூன்று தடவையும் சண்டைக்கு. போனஸ் சண்டை, ஓவர்டைம் சண்டை, டாய்லட்டுக்குப் போக டோக்கன் வைத்த சண்டை. அப்போதெல்லாம் தண்ணீர்ப் போத்தல்தான் வைப்பார்கள். அன்றைக்குத் தேத்தண்ணி வந்தது, சாசரோடு. ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிட்டது, நல்ல தேயிலை, மேல்மலைத் தேயிலை. எங்கள் கன்டீனில் போடுகிற தூள் இல்லை. பக்கத்தில் இருந்த தோழரிடம் மெதுவாகச் சொன்னேன்: "இவங்க நெசமாவே பயந்துட்டாங்க."

பேச்சு மூன்று நாள் நடந்தது. முடிவு இதுதான். வருஷம் முடியும்வரை நிரந்தர ஆட்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. வேலை வாரத்தில் நாலு நாள், சம்பளம் ஐந்து நாளுக்கு. ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதியைக் குறைக்கக் கூடாது. பதிலுக்கு அந்த வருஷத்துச் சம்பள உயர்வை நாங்கள் கேட்பதில்லை. அதோடு சுகாதார அமைச்சுக்கும் மத்திய வங்கிக்கும் ஒரு கூட்டுக் கடிதம், மருந்து மூலப்பொருளுக்கு எல்.சி. முதலில் கொடுங்கள் என்று. கம்பனியின் நீலத் தலைப்பும் சங்கத்தின் சிவப்புத் தலைப்பும் ஒரே தாளில். எங்கள் கிளைச் செயலாளர் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தார், பெரிய பிள்ளை பிறந்த படம் மாதிரி.

நான் மட்டும் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தேன். காரணம் நான் வந்த ஊர். கம்பனியும் சங்கமும் ஒரே மேசையில் உட்காருவதை மலைநாட்டில் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் நிர்வாகத்துக்கு எடுத்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம். கொழும்பில் கையெழுத்து, இங்கே மாலை, பட்டாசு. காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கணக்கு வாசிக்கும்போதுதான் ஒப்பந்தத்தில் என்ன வந்தது என்பது தெரியும். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வந்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்தை விட்டே வெளியேறின. தைலம் தேய்த்தால் ஆறிவிடும் காயம் இல்லை இது. சாசரில் தேத்தண்ணி வந்தால் நாம் சந்தேகப்படத்தான் செய்வோம்.

சங்கத் தலைமையகத்தில் ஒருமுறை வகுப்பு வைத்தபோது அமெரிக்காக் கதையும் சொன்னார்கள். அங்கே மருந்துக் கம்பனிகளும் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டுச் சங்கமே வைத்திருக்கிறார்கள். குழாய் பொருத்துகிறவர்கள், மின்சாரக்காரர்கள், இரும்பு வேலைக்காரர்கள். மருந்துக் கம்பனி ஒன்று புதிய தொழிற்சாலை, ஆய்வுகூடம் கட்டினால் இவர்களுக்கு வேலை. அதனால் மருந்து விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தப் போனால், முதலீடு போய்விடும் வேலை போய்விடும் என்று இரண்டு பகுதியும் ஒரே குரலில் பேசும். அதே நாட்டில் பெரிய தொழிற்சங்க சம்மேளனமோ விலை குறைய வேண்டும் என்ற பக்கம் நின்றது, அங்கத்தவர்களின் மருந்துச் செலவு தலைக்கு மேல் போவதால். 2022 ஆகஸ்டில் வந்த சட்டத்தில் முதியோர் காப்புறுதித் திட்டமான மெடிகேர் சில மருந்துகளின் விலையைக் கம்பனிகளோடு நேரடியாகப் பேசலாம் என்று வந்தது. வகுப்பில் இதைக் கேட்டபோது, பெரிய நாட்டுப் பிரச்சினை, நமக்கென்ன என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைப் பார்த்த அன்று விளங்கிவிட்டது.

இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ரூபாய் விழுந்ததால் மருந்தின் உச்ச விலையை உயர்த்த அனுமதி வேண்டும் என்று. கம்பனி பக்கம் சேர்த்த வரி. கமிட்டிக்குள் அடிபிடி. ஒருவர் சொன்னார், விலை ஏறாவிட்டால் செய்கிற ஒவ்வொரு குளிசையிலும் நட்டம், நட்டத்தில் எவன் லைன் ஓட்டுவான் என்று. கணக்கு சரிதான். கடைசியில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம், நானும்தான். எங்கள் கடிதத்தால்தான் நடந்தது என்று சொல்ல எனக்குப் பைத்தியம் இல்லை, எல்லாக் கம்பனியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளின் விலை நூற்றுக்கு 40 ஏறியது. அடுத்த வாரம் அம்மா போன் எடுத்தார். "கிளினிக்ல குளிசை இல்லன்னுட்டாங்க மகள். கடையில கேட்டா வெலை கூடிப்போச்சாம். பாதி மாசத்துக்கு மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன்." நான் மெஷின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது? "அது ரூவா விழுந்ததாலம்மா" என்றேன்.

இதை வைத்துக் கொண்டு, கம்பனியோடு சேர்ந்ததே பிழை என்று நான் சொல்லவில்லை. சேராமல் இருந்தால் அந்த லைன் இன்றைக்கு இருக்காது, ஹட்டனில் நான் திருப்பிப் பார்த்த கார்டும் இருக்காது. எனக்கு உறுத்துவது வேறு. மூன்று நாள் பேச்சில் மேசைக்கு இந்தப் பக்கம் செய்கிறவர்கள் இருந்தோம், அந்தப் பக்கம் விற்கிறவர்கள் இருந்தார்கள். வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. ஒரு பாமசிக்காரரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்: நாங்கள் இவ்வளவு மல்லுக்கட்டிக் காப்பாற்றுகிற குளிசையை நீங்கள் எந்த அலுமாரித் தட்டில் வைக்கிறீர்கள் என்று.

சரி, தட்டுக்கு வருகிறேன். இந்தக் கடையில் கண் மட்டத்தில் இருப்பது வெளிநாட்டு பிராண்டுகள். லோக்கல் எல்லாம் முழங்கால் மட்டத்தில், குனிந்து எடுக்க வேண்டும். முதலாளியிடம் ஒருநாள் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். கம்பனிகளின் விற்பனை ஆட்கள், அதுதான் ரெப்மார், வந்து பத்து எடுத்தால் இரண்டு போனஸ் என்கிறார்கள், தட்டில் இடம் பிடிக்கிறார்கள், சுவரில் மணிக்கூடு மாட்டுகிறார்கள். உண்மையிலேயே கடையில் மூன்று மணிக்கூடு ஓடுகிறது, மூன்றும் மூன்று நேரம் காட்டுகிறது. "லோக்கல் கம்பெனிக்காரன் மூணு மாசத்துக்கு ஒருக்காதாம்மா வாறான்" என்றார். இது எங்கள் கம்பனியும் கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி. அமைச்சுக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஹட்டனுக்கு ஒரு ரெப்பை ஒழுங்காக அனுப்பத் தெரியவில்லை.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. கடை சுத்தம். சம்பள நாளை ஒட்டிய சனிக்கிழமையில் போக வேண்டாம், வாசல்வரை ஆள் நிற்கும், குடைத் தண்ணீர் எல்லாம் உங்கள் காலில். ஞாயிறு பாதி நாள். போயா என்கிற பௌர்ணமி லீவுக்குப் பூட்டு. வங்கிக் கார்டில் காசு கட்டுகிற மெஷின் இருக்கிறது, வேலை செய்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பெரிய பிளஸ் ஒன்று, மருந்து போடுகிற கடதாசி உறையில் தமிழில் எழுதித் தருகிறார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின். இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் எங்கள் லயத்துக்கு வந்து பார்க்கலாம். அடுத்த காம்பராத் தாத்தா ஒருவர் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த உறையை வாசிக்கத் தெரியாமல் பிரஷர்க் குளிசையை நாளைக்கு மூன்று போட்டுத் தலைசுற்றி விழுந்தார். இங்கே வாசிக்கவே தெரியாதவர்களுக்கு உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறாள் அந்தப் பிள்ளை. அம்மா இப்போது மெட்ஃபோர்மினை நிலாக் குளிசை என்கிறார்.

குறைகளில் பெரியது கத்தரிக்கோல். பத்துக் குளிசைக் கார்டில் ஆறு கேட்டால் வெட்டித் தருகிறார்கள், எல்லாக் கடையிலும் உள்ளதுதான். ஆனால் காலாவதித் தேதி கார்டின் ஒரு நுனியில்தான் குத்தியிருக்கும். அந்த நுனி கடையில் நிற்கும், எனக்கு வருவது மொட்டைத் துண்டு. வீட்டு டப்பாவுக்குள் நாலு மாதம் கிடந்தால் அது என்ன மருந்து, எப்போது முடிகிறது என்று கடவுளுக்கே தெரியாது. முதலாளி இல்லாத நேரத்தில் நிற்கிற ஒரு பையன் இதை மிகவும் வேகமாகச் செய்வான், குழியையும் சேர்த்து வெட்டிவிடுவான். குழி வெட்டுப்பட்டால் நாங்கள் நீலத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்ததெல்லாம் வீண். இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தேன். மாற்றித் தந்தான், முணுமுணுப்போடு.

இன்னொன்று ஃப்ரிட்ஜ். இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டிய சாமான். உள்ளே வெப்பமானி தொங்குகிறது, நல்லது. ஒருநாள் கதவு திறந்தபோது இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தயிர்ச்சட்டி இருந்தது. யாருடைய பகல் சாப்பாடோ. நான் மிஸ்ஸைப் பார்த்தேன், மிஸ் தயிர்ச்சட்டியைப் பார்த்தார். அடுத்த மாதம் அது இல்லை.

இப்போது அந்தப் பிள்ளை. நான் மூன்றாவது தரம் போனபோதே என்னை உற்று உற்றுப் பார்த்தாள். கார்டை வளைத்துப் பெருவிரலை ஓட்டினேன். "அக்கா, நீங்க ரெண்டாம் லைன்தானே?" என்றாள். எனக்கு முகம் பிடிபடவில்லை. பேக்கிங்கில் எல்லோருக்கும் தொப்பி, முகமூடி, மேலங்கி. கண் மட்டும்தான் தெரியும். "நான் மூணாம் லைன்ல இருந்தேன். மேன்பவர்."

மேன்பவர் என்றால் கம்பனியின் ஆள் இல்லை, ஏஜென்சியின் ஆள். எங்களோடு அதே மெஷினில், அதே ஷிப்டில், அதே நீல விரலோடு. ஆனால் கம்பனி லிஸ்டில் பெயர் இல்லை, அதனால் சங்க லிஸ்டிலும் இல்லை. வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் சங்கத்தில் இருந்தால் கம்பனி பேச்சுக்கு மறுக்கக் கூடாது என்று 1999இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அந்த நாற்பதை நாங்கள் எண்ணிய நேரத்திலும் இவர்களை எண்ணவில்லை. போர்ட் ரூமில் இவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டோம், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கம்பனி அது ஏஜென்சி விஷயம் என்றது. நாங்கள் இரண்டாம் நாள் மாலையோடு அதை விட்டுவிட்டோம். வேலையைப் பாதுகாத்த ஒப்பந்தம் என்று நோட்டீஸ் அடித்த அதே கிழமையில் முப்பத்தொரு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட். பாதிக்கு மேல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் இதை எதுவும் சொல்லவில்லை. நான்தான் உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது, "ரெண்டாம் லைன்ல அந்தப் பழைய மெஷின் இன்னும் ஓடுதா அக்கா? அந்தச் சத்தம்?" என்றுதான். ஓடுது என்றேன். சிரித்தாள்.

அந்தக் கடையில் லோக்கல் இருக்கு என்று வாய்திறந்து சொல்கிற ஒரே ஆள் அவள்தான். முதலாளி சொல்லமாட்டார், பையனுக்குத் தெரியாது, மிஸ் கேட்டால் சொல்வார். முழங்கால் மட்டத்திலிருந்து குனிந்து எடுத்து வைப்பவள் அவள். எங்கள் கடிதம் காப்பாற்றாத பிள்ளை, நாங்கள் செய்த குளிசையை ஹட்டனில் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் கத்தரிக்கோல் விஷயத்தை அவளிடம் சொன்னேன். உடனே விளங்கிக்கொண்டாள். இப்போது அவள் வெட்டும்போது தேதி உள்ள நுனி வாங்குகிறவர் பக்கம் வருகிறது. கடையில் மிஞ்சுகிற துண்டில் பேனாவால் தேதியை எழுதி ஒரு டேப் ஒட்டி வைக்கிறாள். பையனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அவன் இன்னும் முணுமுணுக்கிறான்.

காசு கட்டிவிட்டு வரும்போது, பழைய கமிட்டிப் புத்தி, கேட்டுவிட்டேன். "தங்கச்சி, ஈ.பி.எஃப். கட்டுறாங்களா?"

"கேக்கணும்க்கா" என்றாள், முதலாளியின் மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டு.

முதலாளி பங்கு நூற்றுக்கு 12, அவளுடைய பங்கு 8, அதற்கு மேல் முதலாளி கட்டுகிற ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி 3. ஒரு உறையை வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். கடைக்கு இப்போதைக்கு நாலு நட்சத்திரம். ஐந்தாவது, அவளுக்கு முதல் தடவை ஈ.பி.எஃப். கட்டுகிற மாதத்தில்.